சேகருக்கு: இடத்தை விடு, கோல் வித்தியாசத்தைப் பிடி

3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சேகர்,

நீ அனுப்பிய சாம்பியன்ஷிப் (இங்கிலாந்துக் கால்பந்தின் இரண்டாம் பிரிவு) கணிப்புப் பட்டியல் கிடைத்தது. 24 அணிகளையும் வரிசைப்படுத்தி, லெஸ்டர் முதலிடம், ஷெஃபீல்ட் யுனைட்டெட் இரண்டாமிடம் என்று எழுதியிருக்கிறாய். வெள்ளிக்கிழமை பர்மிங்காமும் இப்ஸ்விச்சும் மோதி சீசன் தொடங்குகிறது. அதற்குள் பட்டியலைத் திருத்த நேரமிருக்கிறது, அதனால் உடனே எழுதுகிறேன்.

போன சீசனின் புள்ளிகளை அடித்தளமாக வைத்திருக்கிறாய். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. புள்ளியில் அதிர்ஷ்டம் நிறையக் கலந்திருக்கும், கோல் வித்தியாசத்தில் அது கொஞ்சம் குறைவு. 46 ஆட்டம் ஆடும் இந்தப் பிரிவில் சராசரி அணி ஏறக்குறைய 63 புள்ளி எடுக்கும். கோல் வித்தியாசத்தை 0.65-ஆல் பெருக்கி அந்த 63-உடன் கூட்டு. அந்த அணி "எடுத்திருக்க வேண்டிய" புள்ளி கிட்டத்தட்ட வந்துவிடும். சண்டர்லாந்தைப் பார். 2023-24-இல் 52 கோல் போட்டு 54 வாங்கினார்கள், வித்தியாசம் −2. கணக்குப்படி 62 புள்ளி, கிடைத்ததோ 56, முடித்தது 16-ஆம் இடத்தில். பட்டியலை மட்டும் பார்த்தவர்கள் அவர்களைக் கீழ்ப்பாதியில் தள்ளினார்கள். அடுத்த சீசனில் அவர்கள் 76 புள்ளியோடு நான்காவதாக வந்து, பிளே-ஆஃப் (ஏற்றத்துக்கான கூடுதல் ஆட்டங்கள்) வழியாக முதல் பிரிவான பிரீமியர் லீகுக்குப் போனார்கள்.

எதிர்ப்பக்க உதாரணம் ஹடர்ஸ்ஃபீல்ட். 2021-22-இல் 82 புள்ளி, மூன்றாமிடம். வித்தியாசம் +17 தான், அதற்குரியது 74. பிறகு மேனேஜர் கார்பெரான் போனார், ஓபிரையனையும் டொஃபலோவையும் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் வாங்கிக்கொண்டது. மறு சீசனில் 53 புள்ளி, 18-ஆம் இடம்.

இப்போது உன் இரண்டாமிடத்துக்கு வருகிறேன். ஷெஃபீல்ட் யுனைட்டெட் போன சீசனில் களத்தில் எடுத்தது 92, தண்டனையாக 2 போய் 90. வித்தியாசம் +27, கணக்குப்படி 81. பதினோரு புள்ளி மிகை! மேனேஜர் வைல்டர் போய்விட்டார், செல்லெஸ் வந்திருக்கிறார். ஹடர்ஸ்ஃபீல்டின் சாயல் அப்படியே தெரிகிறது. இரண்டாமிடத்தை நான் கொடுக்க மாட்டேன்.

இன்னொரு படியும் உண்டு. அதை விட்டால் கணக்கு கெடும். கோல் வித்தியாசத்தை அப்படியே அடுத்த சீசனுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆட்டக்காரர்கள் போவார்கள், இரவலில் வந்தவர்கள் திரும்புவார்கள், காயம் வரும். நான் பாதியாக்குவேன். யுனைட்டெடின் +27, +13 ஆகிவிடும், அதாவது 71, 72 புள்ளி. வெஸ்ட் பிரோம் +10, மிடில்ஸ்பரோ +8, கவென்ட்ரி +6, மில்வால் −2. இவற்றையெல்லாம் பாதியாக்கினால் நான்கும் 62-க்கும் 66-க்கும் நடுவே நெருக்கியடித்து நிற்கும். இதில் எது ஏழாவது, எது பதினொன்றாவது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைக் கவனி. போன சீசனில் மில்வால் 66 புள்ளியோடு எட்டாவது, வெஸ்ட் பிரோம் 64-ஓடு ஒன்பதாவது. உன் பட்டியலிலும் மில்வால்தான் மேலே. நான் திருப்பிப் போடுவேன்.

கவென்ட்ரியைத் தனியாகப் பிரித்துப் பார். நவம்பரில் லாம்பார்ட் மேனேஜராக வந்தபோது 17-ஆம் இடம், முடித்தது ஐந்தாமிடம். சீசன் முழுக்கச் சேர்த்த +6 இரண்டு வேறு அணிகளின் கலவை. மேனேஜர் மாறிய அணிக்கு, மாறியபின் ஆடிய ஆட்டங்களை மட்டும் எடுத்து 46-க்கு விரித்துவிட்டு, பிறகு பாதியாக்கு.

பிரிவு மாறி வந்த ஆறு அணிகள்தான் கடினமான பகுதி. பிரீமியர் லீகிலிருந்து இறங்கியவர்களுக்குக் கடந்த இரண்டு முறையும் கோல் வித்தியாசம் எவ்வளவு ஏறியது தெரியுமா? லெஸ்டர் 65, லீட்ஸ் 68, சவுதாம்டன் 61, பர்ன்லி 90, ஷெஃபீல்ட் யுனைட்டெட் 96, லூட்டன் வெறும் 9. நடுமதிப்பு 66 சொச்சம். இந்த முறை லெஸ்டர் −47, இப்ஸ்விச் −46, சவுதாம்டன் −60 என்று இறங்கியிருக்கிறார்கள். 66 கூட்டினால் லெஸ்டருக்கும் இப்ஸ்விச்சுக்கும் 75 புள்ளியை ஒட்டி, சவுதாம்டனுக்கு 67. மேலே நிற்பார்கள், ஆனால் நூறு புள்ளி அணி எதுவும் கண்ணில் படவில்லை.

இறங்கிய அணிகளுக்கு ஒளிபரப்புப் பணத்தில் பாராசூட் பங்கு வருகிறது: முதல் வருடம் 55 சதவீதம், அடுத்து 45. அதனால் அவர்கள் கட்டாயம் மேலே வருவார்கள் என்று எழுதியிருந்தாய். லூட்டனிடமும் அந்த 55 இருந்தது. 49 புள்ளியில் 22-ஆவதாக முடித்து மறுபடி இறங்கினார்கள். அதே 49 எடுத்த ஹல் கோல் வித்தியாசத்தில் தப்பியது.

மூன்றாம் பிரிவான லீக் ஒன்னிலிருந்து ஏறியவர்களுக்குக் கணக்கு தலைகீழ். இப்ஸ்விச் +66-இலிருந்து +35-க்கு வந்தது, பிளிமத் +35-இலிருந்து −11-க்கு, ஷெஃபீல்ட் வென்ஸ்டே +44-இலிருந்து −24-க்கு, போர்ட்ஸ்மவுத் +37-இலிருந்து −13-க்கு. ஐம்பது கழித்துக்கொள். 111 புள்ளி, +53 என்று வந்த பர்மிங்காமுக்குச் சராசரிக்குச் சற்று மேல். ஆட்டக்காரர்களுக்குச் செலவழிக்கும் வேகத்தைப் பார்த்து இன்னும் பத்துக் கோல் கூட்டுவேன், 71 புள்ளி. ரெக்சமின் +33, −17 ஆகி 52-இல் நிற்கிறது. இதையும் கேள்: கடந்த மூன்று சீசனில் லீக் ஒன்னிலிருந்து ஏறிய ஒன்பது அணிகளில் முதல் சீசனிலேயே இறங்கியது விகன் மட்டும். பிரீமியர் லீகில் இரண்டு சீசனாக ஏறிய மூன்றுமே இறங்கின. அந்தப் பழக்கத்தில்தான் ரெக்சம், சார்ல்டன் இரண்டையும் கடைசி மூன்றில் போட்டுவிட்டாய் என்று நினைக்கிறேன்.

அடிவரிசைக்குக் களத்தைவிடக் கணக்குப் புத்தகம் முக்கியம். 2022-23-இல் ரெடிங் களத்தில் எடுத்தது 50, கார்டிஃப் 49. நிதி விதி மீறலுக்கு ஆறு புள்ளி வெட்டு விழுந்து இறங்கியது ரெடிங். இப்போது வென்ஸ்டேயில் சம்பளம் தாமதம், மேனேஜர் ரோல் போய்விட்டார், ஆட்டக்காரர்கள் விண்டாஸும் ஸ்மித்தும் போய்விட்டார்கள். போன சீசனில் 58 புள்ளி, 12-ஆம் இடம் என்பதை நம்பி நீ நடுவில் வைத்திருக்கிறாய். ஓர் அணியின் மொத்த ஆட்ட நிமிடம் 45,540 (46 × 90 × 11). அதில் எத்தனை நிமிடம் ஆடியவர்கள் இன்னும் அணியில் இருக்கிறார்கள் என்று கூட்டிப் பார். பாதிக்குக் கீழே போனால் பழைய வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லை. கிளப் கடனைத் தீர்க்க முடியாமல் நிர்வாகக் காப்புக்குள் (administration) போனால் விதிப்படி 12 புள்ளி வெட்டு. நான் 24-ஆம் இடம் போடுகிறேன். லெஸ்டர் மீதும் நிதி விதி வழக்கு நடக்கிறது. அவர்களுக்கு வெட்டு இல்லாமல் ஒன்று, வெட்டோடு ஒன்று என இரண்டு வரி எழுது.

இத்தனையும் செய்தாலும் தவறு வரும். ஒவ்வோர் அணியின் பலமும் துல்லியமாகத் தெரிந்தாலும், 46 ஆட்டங்களின் அதிர்ஷ்டம் மட்டுமே புள்ளியை ஒன்பது வரை மேலேயோ கீழேயோ சாதாரணமாகத் தள்ளும். 2012-13-இல் ஆறாவது வந்த லெஸ்டருக்கு 68, இறங்கிய பீட்டர்பரோவுக்கு 54. பதினான்கு புள்ளிக்குள் பதினேழு அணிகள்! அதனால் இடத்துக்குப் பதில் புள்ளியை எழுது, பக்கத்தில் ±9 போடு. இடத்தைத்தான் எழுதுவேன் என்றால், மே மாதம் அணிவாரியாக எத்தனை இடம் பிசகியது என்று கூட்டு. சீட்டுக் குலுக்கிப் போட்டாலே சராசரி 192 வரும். போன சீசன் வரிசையை அப்படியே எழுதினால் எவ்வளவு வருகிறது என்பதையும் பார். நாம் தாண்ட வேண்டியது அதைத்தான்.

ஆட்டக்காரர் சந்தை செப்டம்பர் 1-இல் மூடுகிறது. அதற்குள் நான்கு சுற்று முடிந்திருக்கும். அந்த நான்கு முடிவுகளைப் பார்த்து மனதை மாற்றாதே, வந்தவர் போனவரை மட்டும் பார்த்துத் திருத்து. இரண்டு பட்டியலையும் தேதியோடு வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமைக்குள் உன் புதிய எண்களை அனுப்பு. பிரிஸ்டல் சிட்டிக்கு என்ன போடுகிறாய் என்று தெரிந்துகொள்ள ஆவல். +4-ஐ வைத்து ஆறாவது வந்தார்கள், மேனேஜர் மேனிங்கை நாரிச்சிடம் இழந்திருக்கிறார்கள். எனக்கு 64 வருகிறது.

அன்புடன்,
மணி