ஹேசல் கொட்டையும் பிள்ளைகளின் வயதும்

ஆசிரியர் அவர்கட்கு,

வெளிநாட்டு உறவினர் வன்னிக்குக் கொண்டுவரும் சொக்லேட்டுகள் பலவற்றில் ஹேசல் கொட்டை கலந்திருப்பதால், அதன் ஒவ்வாமை வயதுக்கேற்ப வேறுபடுவதைப் பெற்றோர் அறிய வேண்டும். வட ஐரோப்பாவில் பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் பேர்ச் மர மகரந்த ஒவ்வாமையைத் தொடர்ந்து, அம்மகரந்தப் புரதத்தை ஒத்த ‘கோர் ஏ 1’ என்னும் கொட்டைப் புரதத்தால் வருகிறது. பொதுவாக வாய்க்கடியோடு (வாய் அரிப்போடு) அடங்கிவிடும். சிறு பிள்ளைகளிலோ ‘கோர் ஏ 9’, ‘கோர் ஏ 14’ ஆகிய, கொட்டை தன்னுள் சேர்த்துவைக்கும் சேமிப்புப் புரதங்களே முக்கியமானவை. வறுத்தாலும் எளிதில் சிதையாத இவை மூச்சுத்திணறல்வரை கொண்டுபோகக்கூடும். மாமாவுக்கு வாய் மட்டுமே கடித்தது என்பதற்காகக் கைக்குழந்தைக்கும் துணிந்து ஊட்டலாகாது. கிளிநொச்சியில் என் பேத்தியின் உதடு வீங்கியபோதுதான், பொதியில் ஜெர்மன் மொழியிலிருந்த ‘ஹாசல்நுஸ்’ என்ற சொல்லை நாங்கள் தேடிப் படித்தோம். பிரெஞ்சுப் பொதிகளில் அது ‘நுவசெத்’. இச்சொற்களைத் தங்கள் நாளிதழ் தமிழ் விளக்கத்துடன் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பேத்தியின் பாட்டி,
கிளிநொச்சி.