காசைத் திருப்பி அனுப்பிவிட்டேன்

அன்புப் பாப்பாவுக்கு,

நீ போட்ட 500 வெள்ளி வந்தது. தம்பியிடம் சொல்லி மறுபடியும் உன் கணக்குக்கே அனுப்பச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அப்பாவுக்கு ஜாகா காவல் வேலைச் சம்பளம் வருகிறது, எனக்குத் தைப்பூசம் முடிகிற வரைக்கும் தையலுக்குக் குறைவில்லை, மஞ்சள் துணியும் ரவிக்கைத் துணியுமாகக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. கூரை ஒழுகுவது என்ன புதுசா, வாளி வைத்திருக்கிறோம். தம்பி படிப்புக்கு பிடிபிடிஎன் கல்விக் கடன் கிடைத்திருக்கிறது, அதை அவன் வேலைக்குப் போய் அவனே கட்டட்டும். நீ உன் மைவி காருக்குக் கட்டு, அறை வாடகைக்குக் கட்டு, மிச்சத்தில் ஒழுங்காகச் சாப்பிடு.

இதைப் போனிலேயே சொல்லலாம்தான், நீ எடுத்தால். "மீட்டிங் மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்கிறாய், அந்த அப்புறம் வருவதே இல்லை. குறை சொல்லவில்லை. ஆனால் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் கை தானாகப் போனை எடுத்து உன் பெயரைத் திறக்கிறது, கடைசியாகப் பார்த்தது மூன்றே முக்கால் என்று காட்டுகிறது, இன்னொரு நாள் நாலு மணி. காலையில் வேலைக்குப் போகிற பிள்ளை நாலு மணிக்கு விழித்துக்கொண்டு என்ன செய்கிறது என்று யோசித்தால் எனக்கும் தூக்கம் போச்சு. அதை மறைத்து வைக்க வழி இருக்கிறதாம். அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தால் தெரியும் சேதி என்று தம்பியை மிரட்டி வைத்திருக்கிறேன்.

சரி, ஊர்க் கதை நிறைய இருக்கிறது. எதிர்வீட்டு அக்காவின் பெரிய பையனுக்குப் பெண் பார்த்துவிட்டார்கள், சுங்கைப் பட்டாணிப் பெண், நல்ல இடம். மற்றதை நீ வரும்போது சொல்கிறேன்.

போன வாரம் அப்பாவின் இனிப்பு நீர் வியாதிக்கு மருந்து எடுக்க அரசாங்க கிளினிக்குக்குப் போயிருந்தேன். அங்கே நம் தாமான் வீடுகளில் இருக்கிற நர்ஸ் மிஸி ஒருத்தி இருக்கிறாள் அல்லவா, அவளிடம் மெதுவாகக் கேட்டேன். எதிர்வீட்டு அக்காவின் மகளுக்குத் தூக்கம் வருவதில்லையாம், எதைப் பார்த்தாலும் மலைப்பாக இருக்கிறதாம், யாரிடமும் பேசுவதில்லையாம், என்ன செய்யலாம் என்று. எதிர்வீட்டு அக்காவுக்கு இரண்டும் பையன்கள் என்பது உனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் நல்ல பெண், அதைக் காட்டிக்கொள்ளாமல் கடைசி வரை "அந்தப் பிள்ளை, அந்தப் பிள்ளை" என்றே பேசினாள்.

ஒரு தாள் காட்டினாள். 21 கேள்விகள், மலாயில் இருக்கிறது, போன ஒரு வாரம் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை போட வேண்டும். எதையும் தொடங்கவே மனம் வராமல் இருந்ததா என்று ஒரு கேள்வி. கண்ணாடியைத் துடைத்துவிட்டு அதை மறுபடியும் படித்தேன். தீபாவளிக்கு வந்தபோது நீ குளிக்கப் போகிறேன் என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாயே, முறுக்கு ஒரு ஈடு எடுத்து முடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், அதே இடத்தில் இருக்கிறாய். அசதி என்றாய்.

மிஸி சொன்னது இது. தலைக்கு மேல் வேலையும் கவலையும் ஒன்றாகச் சேர்ந்து வந்து விடாமல் இருந்தால் உடம்பு அதை ஆபத்து என்றே எடுத்துக்கொள்ளுமாம், ஓடவும் முடியாது ஒளியவும் முடியாது என்றால் தூக்கம் கெடும், வயிறு கெடும், கடைசியில் சின்ன வேலைகூடச் செய்ய முடியாமல் போகும். அது சோம்பேறித்தனம் இல்லை. இதை அவள் இரண்டு தரம் சொன்னாள், நானும் உனக்கு இரண்டு தரம் சொல்கிறேன், அது சோம்பேறித்தனம் இல்லை. மனசுக்கான மாத்திரை டாக்டர் கொடுத்தால் அது வேலை செய்யவே இரண்டு வாரம், நாலு வாரம் ஆகுமாம். அதற்கு முன்னால் குமட்டும், தூக்கம் முன்னே பின்னே போகும், அதைப் பார்த்துப் பயந்து நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்களாம். நல்லாகிவிட்டது என்று தோன்றினாலும் தானாக நிறுத்தக் கூடாது, தேறிய பிறகும் ஆறு மாதமாவது சாப்பிடச் சொல்வார்களாம், குறைப்பதென்றாலும் டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். எதிர்வீட்டு அக்காவின் மகளுக்குத்தான் சொல்கிறேன்.

நெஞ்சு படபடக்கும்போது நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடச் சொன்னாள். விடுகிற மூச்சு நீளமானால் இதயத் துடிப்பு தானாக இறங்குமாம். மெஷினில் உட்கார்ந்தபடி நானும் செய்து பார்த்தேன், எண்ணிக்கை தப்பித் தப்பிப் போனாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது. அப்புறம் அந்தக் கோப்பி. சாயங்காலம் குடிக்கிற கோப்பியில் பாதி படுக்கப் போகும்போதும் உடம்பில் இருக்குமாம். மத்தியானத்தோடு நிறுத்து. சோறு சாப்பிடு, பிஸ்கட் சோறாகாது.

இனி என் யோசனை, டாக்டர் யோசனை இல்லை. தைப்பூச நேரத்தில் எனக்கு எவ்வளவு துணி வருகிறது என்று பார்த்திருக்கிறாய். ஒவ்வொரு மூட்டையிலும் யாருடையது, எந்தத் தேதிக்கு என்று சீட்டு எழுதி ஊசி குத்தி வைப்பேன். அன்றைக்குத் தைக்கிறது ஒன்று மட்டும் மெஷின் பக்கத்தில், மற்றதெல்லாம் உன் அறையில், கதவைச் சாத்திவிடுவேன். கண்ணில் பட்டால் கை ஓடாது, கையில் இருக்கிற துணியையும் கோணலாகத் தைத்துவிடுவேன். நீ எல்லா மூட்டையையும் கண் முன்னால் பரப்பி வைத்துக்கொள்கிற ரகம், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், எஸ்பிஎம் பரீட்சை சமயத்தில் அத்தனை புத்தகத்தையும் கட்டிலில் விரித்து அதன் நடுவில் தூங்கினவள் நீ. பாஸாகவும் செய்தாய், யூனிவர்சிட்டிக்கும் போனாய், அப்பா இன்னும் ஜாகா கொட்டகையில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் உன் வேலையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதனால்தானே எல்லாருடைய மூட்டையும் உன் தலையில் வந்து விழுந்தது. அத்தைக்கு ஆஸ்பத்திரிச் செலவா, நீ. தம்பிக்கு லேப்டாப்பா, நீ. ஒரு தரமாவது முடியாது என்று சொல்லியிருக்கிறாயா? சொன்னால் நாங்கள் என்ன செத்தா போய்விடுவோம்?

வேலை இடத்தில் ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார வைக்கிறார்கள் என்றாய். 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சட்டம் என்று தம்பி பார்த்துச் சொன்னான். ஒரே இடத்தில் இரண்டு வருடம் தாண்டியவர்களுக்கு வருடத்துக்கு 18 நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, உண்டாம். காய்ச்சலுக்கு மட்டும்தான் எம்சி என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எடு.

சித்தப்பாவிடம் பேசிவிட்டேன். தீபாவளி அன்றைக்கு யாரையோ சொல்லி "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டிய கேஸ்" என்று சிரித்தாரே, நீ தோசைத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனாய். அங்கே இருக்கிற மனநல ஆஸ்பத்திரி 1911-இல் திறந்ததாம், என் பாட்டி காலத்திலிருந்து நம் ஆட்கள் வாயில் அது வசவாகவே இருக்கிறது. இனி என் வீட்டில் அந்தப் பேச்சு வேண்டாம் என்று சொன்னேன், முகம் சுருங்கிப் போய்விட்டது, சுருங்கட்டும். இப்போது இதெல்லாம் சாதாரண கிளினிக்கிலேயே பார்க்கிறார்கள், ஒரு வெள்ளி கட்டினால் போதும், பெரிய டாக்டரிடம் அனுப்பினால் ஐந்து வெள்ளி. சளிக்குப் போகிறவளும் அதே வரிசையில்தான் நிற்கிறாள்.

நானும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் நேர்ந்திருக்கிறேன். 513 படி, முட்டிவலி என்று நீ ஆரம்பிக்காதே. வேண்டுதல் என்னுடையது, மாத்திரை உன்னுடையது. ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று என்று நான் நினைக்கவில்லை.

ராத்திரி நாலு மணிக்கு விழித்திருந்தால் என்னைக் கூப்பிடு, நான் திட்ட மாட்டேன். பெற்றவளிடம் சொல்ல முடியாதது என்று சில இருக்கும், அது எனக்கும் தெரியும். அப்போது இந்த நம்பர்களில் பேசு: சுகாதார அமைச்சின் 15555, இல்லையென்றால் பிஃப்ரெண்டர்ஸ் கே.எல்., 03-7627 2929, அவர்கள் 24 மணி நேரமும் எடுப்பார்கள். தம்பி எழுதிக் கொடுத்தான். போனில் போட்டு வை, எனக்காகப் போட்டு வை.

ஒரு வெள்ளிக்கிழமை ஈடிஎஸ் ரயில் ஏறி வந்துவிடு. சாயங்கால டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்னாலேயே எடு. ஸ்டேஷனுக்கு அப்பா மோட்டாரில் வருவார். வந்து தூங்கு, கோயிலுக்கு வா, சொந்தக்காரர் வீட்டுக்கு வா என்று யாரும் இழுக்க மாட்டோம்.

அப்புறம், நீ இங்கே விட்டுப்போன நீலக் கால்சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். மெஷினில் போடுவதற்கு முன் பாக்கெட்டைப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு என்று உனக்குத் தெரியும். அதில் இருந்த அட்டை நனையவில்லை. உன் எஸ்பிஎம் சான்றிதழ் ஃபைலில் வைத்திருக்கிறேன், அப்பாவுக்குக் காட்டவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை, நீயும் எதுவும் சொல்ல வேண்டாம். அடுத்த மாதம் 9-ஆம் தேதி, காலை எட்டரை என்று போட்டிருக்கிறது. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் முந்தின நாளே பஸ் ஏறி வருகிறேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், டாக்டர் அறைக்குள் வர மாட்டேன். வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் தேதியை விட்டுவிடாதே.

உறையில் விலாசம் எழுதி வைத்துவிட்டேன். அட்டையைத் தபாலில் போடவா, இல்லை நீயே வந்து எடுத்துக்கொள்கிறாயா, அதை மட்டும் சொல்.

அம்மா
பட்டர்வொர்த்