முதலில் கண், கடைசியில் கால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலைச்சறுக்கு போலத் தரையில் வளைந்து வளைந்து ஓட்டும் சக்கரப் பலகையான சர்ஃப்ஸ்கேட் பற்றிய உங்கள் கட்டுரையில் 'காலால் பலகையைத் திருப்புங்கள்' என்றிருந்தது. 46 வயதில் இதைத் தொடங்கிய நான் ஆறு மாதம் அப்படித்தான் செய்தேன். பலகை ஆடியது, நான் திரும்பவில்லை.

இதில் முன் ட்ரக் (பலகைக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் பாகம்) சாதாரண ஸ்கேட்போர்டைவிட அதிகமாகத் திரும்பும். பின் ட்ரக் அவ்வளவு அசையாது, அச்சாணி மாதிரி நிற்கும். அதனால் போக வேண்டிய பக்கம் முதலில் கண் போக வேண்டும். பின்னாலேயே தோள், இடுப்பு. பாதம் கடைசியில்தான். வளைவுக்குள் நுழையும்போது முழங்காலை மடக்கித் தாழ்ந்து, வெளியே வரும்போது நிமிர வேண்டும். வேகம் அந்த நிமிர்வில்தான் கிடைக்கிறது. நானோ முதுகை வளைத்துக் குனிவதையே தாழ்வது என்று நினைத்திருந்தேன்!

குதிகால் பக்கத் திருப்பம்தான் பெரிய தொல்லை. முதுகுப் பக்கமாகச் சாய வேண்டியிருப்பதால் பயத்தில் பார்வை காலடிக்கே வந்துவிடும். முன்னால் இருக்கும் கையைத் திரும்பும் பக்கம் நீட்டி, அது காட்டும் திசையில் பார்த்த பிறகுதான் எனக்குச் சரியாக வந்தது. அப்புறம், எடை முன் காலில் இருக்கட்டும். பின்னால் சாய்ந்தால் முன் ட்ரக் முழுதாகத் திரும்பாது.

இன்னொன்று, உங்கள் படத்தில் இருந்தவர் மணிக்கட்டுப் பாதுகாப்பு உறை அணியவில்லை. அடுத்த முறை கவனியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்