நட்புமுறை ஆட்டத்துக்கு கோல் கணக்கு போதாது, நிமிடக் கணக்கையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூலை பிறந்ததும் ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகள் ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் ப்ரீசீசன் (புது சீசனுக்கு முந்தைய) சுற்றுப்பயணம் கிளம்பிவிடுகின்றன. அந்த ஆட்டங்களைப் பற்றி விளையாட்டுப் பக்கங்களில் வரும் செய்தி பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிறது: யார் வென்றார்கள், எத்தனை கோல், எந்த நட்சத்திரம் அசத்தினார். ஆண்டு முழுக்கத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்துவந்த தன் அணி எட்டும் தூரத்துக்கு வருகிறது என்றால், ரசிகருக்கு அது சின்ன விஷயமில்லை. டிக்கெட்டுக்கும் பயணத்துக்கும் பெரும் பணம் செலவழிக்கிறார். அவருக்குப் பயன்படுவது யார் எத்தனை நிமிடம் ஆடினார் என்ற கணக்கு. அதையும் சேர்த்து அச்சிடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

கோல் கணக்கு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு மான்செஸ்டர் யுனைடெட் ஒன்றே போதும். 2014 கோடையில் வான் ஹால் பயிற்சியாளராகப் பொறுப்பேற்று, பின்களத்தில் மூவரை நிறுத்தும் புதிய அமைப்போடு அமெரிக்கா போனார். மிச்சிகனில் 1,09,318 பேர் பார்க்க ரியல் மாட்ரிட்டை 3-1 என்று வென்றார்கள். அந்த நட்புமுறைத் தொடரின் இறுதி ஆட்டத்தில் லிவர்பூலையும் அதே கணக்கில் வீழ்த்தினார்கள். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் தொடங்கிய முதல் நாளே சொந்த மைதானத்தில் ஸ்வான்சீயிடம் 1-2 என்று தோற்றார்கள். 2022 ஜூலையில் பாங்காக்கில் லிவர்பூலை 4-0 என்று நொறுக்கியதும் இதே யுனைடெட்தான். அடுத்த மாதம் லீக்கின் முதல் இரண்டு ஆட்டங்களில் பிரைட்டனிடம் 1-2, பிரென்ட்ஃபோர்டிடம் 0-4. எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. 2025 ஜூலையில் ஹாங்காங்கில் ஏசி மிலானிடம் 2-4 என்று தோற்ற லிவர்பூல், அந்த சீசனின் முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்றது.

காரணம் எளிது. இந்த ஆட்டங்கள் உடல் தகுதிக்கான பயிற்சித் திட்டத்தின் ஒரு பகுதி. விடுமுறை முடிந்து வந்த வீரரை நேராக 90 நிமிடம் ஓடவிட்டால் தொடைப் பின்தசையோ கெண்டைக்கால் தசையோ கிழியலாம். அதனால் முதல் ஆட்டத்தில் 30 முதல் 45 நிமிடம், அடுத்ததில் 60, பிறகு 75 என்று ஏற்றிக்கொண்டே போய், லீக் தொடங்குவதற்கு முந்தைய கடைசி ஆட்டத்தில்தான் ஏறக்குறைய முழு ஆட்டம் தருவார்கள். இடைவேளையில் பதினொரு பேரும் மாறுவது இதனால்தான். பாங்காக்கின் அந்த 4-0 ஆட்டத்தில் லிவர்பூலின் அப்போதைய பயிற்சியாளர் கிளாப், அரைமணிக்கு ஒன்றாக ஏறத்தாழ மூன்று தனித்தனி அணிகளையே இறக்கினார். அணியின் நட்சத்திரங்கள் சாலாவும் வான் டைக்கும் களம் இறங்கியபோது கடைசி அரைமணிதான் மிச்சம். இதைச் சொல்லாமல் '4-0' என்று தலைப்பிட்டால், படிப்பவர் நடக்காத ஓர் ஆட்டத்தை மனத்தில் கட்டிக்கொள்கிறார். ஆட்ட விதிகளும் இதற்கு இடம் தருகின்றன. இரு அணிகளும் ஓர் உச்ச எண்ணிக்கைக்கு ஒப்புக்கொண்டு, ஆட்டத்துக்கு முன்பே நடுவரிடம் தெரிவித்துவிட்டால், அந்த எண்ணிக்கை வரை மாற்று வீரர்களை இறக்கலாம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? இரு தரப்பிலும் ஒரே பதினொருவர் சேர்ந்து ஆடும் முதல் 25 நிமிடம்தான் தங்கம். கோல் கீப்பர் பந்தை வைத்திருக்கும்போது பக்கவாட்டுத் தற்காப்பு வீரர் கோட்டோரம் நிற்கிறாரா, நடுக்களத்துக்குள் நுழைகிறாரா என்று கவனியுங்கள். பந்தை இழந்ததும் உடனே துரத்துகிறார்களா, பின்வாங்கி அணிவகுக்கிறார்களா என்பதையும் பாருங்கள். பயிற்சியாளர் புது சீசனுக்கு என்ன நினைத்திருக்கிறார் என்பது இந்த இரண்டிலேயே பாதி தெரிந்துவிடும். புதிதாக வாங்கிய வீரர் கோல் அடித்தாரா என்பதைவிட, பந்து இல்லாதபோது எங்கே நகர்கிறார், பக்கத்தில் இருப்பவர் கைகாட்டி அவரைத் திருத்த வேண்டியிருக்கிறதா என்பது முக்கியம். 60 நிமிடத்துக்கு மேல் மாற்றங்கள் குவிந்ததும் அமைப்பைப் பற்றி முடிவு கட்ட ஒன்றும் மிஞ்சாது. அப்போது பெரிய எண் போட்ட சட்டைகளைப் பாருங்கள். அவற்றை அணிந்தவர்கள் பெரும்பாலும் அகாடமி (கிளப்பின் இளையோர் பயிற்சிப் பள்ளி) பையன்கள். முதல் அணியில் இடம்பிடிக்க அவர்களுக்குக் கிடைக்கும் சில வாய்ப்புகளில் இது ஒன்று, அதனால் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள்.

தடுமாறும் முதல் தொடுதலையும் தாமதமான தடுப்பையும் பார்த்து வீரரைத் திட்டுவது நியாயமில்லை. காலையில் பயிற்சி முடித்துவிட்டு மாலையில் ஆட்டத்துக்கு வருபவர்கள் உண்டு. நெடுந்தூர விமானப் பயணத்துக்குப் பிறகு தூக்கம் சீராக, கடந்த ஒவ்வொரு மணி நேர வித்தியாசத்துக்கும் ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். அணியோ மூன்றாம் நாளே களத்தில் இருக்கும். போதாததற்கு வெப்பமும் ஈரப்பதமும். கடும் வெயிலில் தரப்படும் குளிர்ச்சி இடைவேளை ஒன்றரை முதல் மூன்று நிமிடம் வரை நீளலாம் என்கிறது விதி. அந்நேரம் பயிற்சியாளர் யாரைத் தனியே அழைத்துப் பேசுகிறார், அதன் பிறகு என்ன மாறுகிறது என்று பாருங்கள். தொலைக்காட்சி அப்போது பெரும்பாலும் விளம்பரத்துக்குப் போய்விடும், அரங்கில் இருப்பவருக்கு மட்டுமே கிடைக்கும் காட்சி அது.

புல்தரை தனிக் கவலை. அமெரிக்கக் கால்பந்து என்ற வேறு விளையாட்டுக்கான அரங்குகள் பலவற்றில் செயற்கைத் தரைதான். அதன் மேல் இயற்கைப் புல் பாய்களைத் தற்காலிகமாக விரிப்பார்கள். வேர் பிடிக்க நாள் போதாவிட்டால் இணைப்புகள் நகரும், கால் வழுக்கும், பந்து தாறுமாறாக எழும்பும். மழைக்காலத்தில் ஆசியாவில் வேறு சிக்கல். 2016 ஜூலையில் பெய்ஜிங்கில் நடக்கவிருந்த மான்செஸ்டர் அணிகளின் மோதலும், 2023 ஜூலையில் பாங்காக்கில் டாட்டன்ஹாம்-லெஸ்டர் ஆட்டமும் மழையால் கெட்ட தரையின் காரணமாக ரத்தாயின. ஆடினாலும் அபாயம் தீர்வதில்லை. 2024 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸில் ஆர்சனலுக்கு எதிராக ஆடியபோது கால் எலும்பு முறிந்த லெனி யோரோ, யுனைடெட்டுக்காகப் போட்டி ஆட்டத்தில் இறங்க டிசம்பர் ஆகிவிட்டது. 2025 ஆகஸ்டில் சியோலில் டாட்டன்ஹாமின் ஜேம்ஸ் மேடிசனின் முழங்கால் தசைநார் கிழிந்தது. 'வெறும் காட்சி ஆட்டம்தானே' என்று எழுதுகிறவர்கள் இந்தப் பெயர்களை நினைவில் கொள்ள வேண்டும்.

அரங்குக்கு நேரில் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே இருக்கையில் இருங்கள். கோல் கீப்பர்கள் முதலில் வருவார்கள், மற்றவர்கள் பின்னால். அணியின் அமைப்பு புரிய வேண்டுமானால் மேல் அடுக்கு இருக்கைதான் நல்லது. விலையும் பெரும்பாலும் குறைவு. முகங்களை அருகில் பார்க்க விரும்பினால் வீரர்கள் வெளிவரும் சுரங்கவழியை ஒட்டிய கீழ் அடுக்கு. இடைவேளையில் எழுந்து போகாதீர்கள். இரண்டாம் பாதியில் இறங்கப்போகிறவர்கள் அப்போதுதான் மைதானத்தில் உடலைச் சூடாக்குவார்கள், யார் வரப்போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். இறுதி விசிலுக்குப் பிறகும் கொஞ்சம் காத்திருங்கள். குறைந்த நேரம் ஆடியவர்கள் அன்றைய அளவை நிறைவு செய்யக் கோட்டோரம் விரைவோட்டம் ஓடுவதைப் பலமுறை காணலாம். ஆட்டத்தில் ஒருவர் வென்ற பிறகும் பெனால்டி சுற்று நடந்தால் குழம்ப வேண்டாம், அது முன்பே பேசி வைத்த ஏற்பாடு. 2025இல் சிங்கப்பூரில் ஆர்சனல் மிலானை 1-0 என்று வென்றது. பின்னர் நடந்த பெனால்டி சுற்றை மிலான் வென்றது. மறுநாள் செய்தியில் வெற்றியாளர் யார் என்று மாற்றி எழுத இது ஒன்றே போதும்!

இனி டிக்கெட். விளம்பரப் பலகையில் பெரிய நட்சத்திரத்தின் முகம் இருக்கும். டிக்கெட்டின் நிபந்தனைகளிலோ அணி மாற்றத்துக்கு உட்பட்டது என்ற ஒரு வரி இருக்கும். 2019 ஜூலையில் சியோலில் யுவென்டஸ் ஆடியபோது ரொனால்டோ ஒரு நிமிடம்கூட இறங்கவில்லை. ஆட்டமே ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் தொடங்கியது. ரசிகர்கள் வழக்குப் போட்டார்கள். அமைப்பாளர் இழப்பீடு தர வேண்டும் என்று அடுத்த ஆண்டு தென்கொரிய நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. 2024 பிப்ரவரியில் ஹாங்காங்கில் இன்டர் மயாமி ஆடியபோது மெஸ்ஸி காயத்தால் கடைசி வரை உட்கார்ந்தே இருந்தார்; மூன்று நாள் கழித்து டோக்கியோவில் மாற்று வீரராக இறங்கினார். கொதித்தெழுந்த ரசிகர்களுக்கு அமைப்பாளர் டிக்கெட் விலையில் பாதியைத் திருப்பித் தர முன்வந்தார். காயம்பட்டவரை ஆட வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆடமாட்டார் என்று முன்பே தெரிந்தால் முன்பே சொல்லுங்கள் என்பதுதான் கோரிக்கை, அது முழுக்க நியாயமானது.

எனவே வாங்குமுன் மூன்றைப் பாருங்கள். ஆட்டம் ரத்தானால் முழுத் தொகையும் திரும்புமா, முன்பதிவுக் கட்டணம் கழியுமா? அணியின் சுற்றுப்பயணத்தில் இது எத்தனையாவது ஆட்டம்? கடைசி ஆட்டம் என்றால் முக்கிய வீரர்கள் அதிக நேரம் ஆட வாய்ப்பு உண்டு. அதே கோடையில் உலகக் கோப்பையோ யூரோவோ கோபா அமெரிக்காவோ நடந்ததா? அதில் கடைசி வரை ஆடியவர்கள் விடுமுறையில் இருப்பார்கள், சுற்றுப்பயணத்துக்கே வராமலும் போகலாம்.

விளையாட்டுப் பக்கத்தில் நான் கேட்கும் இடம் சிறியது. கோல் கணக்குக்குக் கீழே, இரு அணிகளின் தொடக்கப் பதினொருவர், எந்த நிமிடத்தில் யாருக்குப் பதில் யார், வராதவர்கள் யார், ஏன் என்று ஆறேழு வரி. ஆட்டத்துக்கு முந்தைய நாள் செய்தியில், அமைப்பாளரின் விளம்பர வாசகத்தை அப்படியே எடுத்துப் போடாமல், பயணக் குழுவில் உண்மையில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்ற பட்டியல். கிளப்புகள் அதைத் தாங்களே வெளியிடுகின்றன. அமெரிக்காவில் இரவு நடக்கும் ஆட்டமானால், நமக்கு அது மறுநாள் காலை என்பதைத் தேதியோடு குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
கால்பந்து வாசகர்