அக்கியும் ஈரலும்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. பொள்ளாச்சியில் மழை ஏமாற்றுகிறது என்கிறாய். இங்கே கணவாய்க் காற்று ஓட்டைப் பெயர்க்கிறது. பேத்திக்கு மொட்டை போட்டாயிற்றா?

உன் மருந்துக் கடைக்கு வரும், ஹெபடைட்டிஸ் சி என்ற ஈரல் வைரஸ் உள்ளவருக்கு ஹெர்பிஸ் ஐஜிஜி (வைரஸுக்கு எதிராக இரத்தத்தில் நிற்கும் எதிர்ப்புப் பொருள்) பாசிட்டிவ் என்று வந்ததும் வீடே கலங்கிப்போனதாக எழுதியிருந்தாய். அந்தத் தாளை மடித்து வைக்கச் சொல். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அப்படித்தான் வரும். எப்போதோ வந்த வைரஸ் நரம்பு முடிச்சில் உறங்குகிறது, அவ்வளவுதான். ஹெபடைட்டிஸ் சி-க்கான மாத்திரை தொடங்குமுன் கட்டாயம் பார்க்க வேண்டியது ஹெபடைட்டிஸ் பி. சி அடங்கும்போது பி தலைதூக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2016-லேயே எச்சரித்திருக்கிறது.

ஹெர்பிஸ் குடும்பத்தில் நம் கடைக்கு வேலை வைப்பது அக்கிதான். சி சிகிச்சையின் நடுவே அது கிளம்புவதும் உண்டு. உங்கள் பக்கம் குயவரிடம் போய்க் காவியால் எழுதிக்கொள்வார்கள். எழுதிக்கொள்ளட்டும், ஆனால் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கிவிட வேண்டும். அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளுக்கு ஐந்து வேளை, ஏழு நாள்: மொத்தம் 35 மாத்திரை. காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று அட்டையிலேயே எழுதிக் கொடு. இல்லாவிட்டால் மூன்று வேளையாகச் சுருக்கிவிடுவார்கள். தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதென்றால் டாக்டர் அளவைக் குறைப்பார். சி-க்குக் கொடுக்கும் சோஃபோஸ்புவிர், டாக்லடாஸ்விர் இரண்டோடும் இது மோதாது.

மோதுவது அதற்குப் பிறகு வரும் மாத்திரை. கொப்புளம் காய்ந்தபின் நரம்பு எரிகிறது என்று நோயாளி வேறொரு டாக்டரிடம் போவார். அங்கே சி பற்றி வாய் திறக்க மாட்டார். வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் கார்பமசெப்பின் எழுதிவிடுவார்கள். அது குடலிலும் ஈரலிலும் மருந்தை வெளியேற்றும் வேலையை முடுக்கிவிட, சி மாத்திரையின் அளவு இரத்தத்தில் சரிந்துவிடும். 12 வாரம் ஒழுங்காக விழுங்கியும் வைரஸ் திரும்பி வர இது ஒன்று போதும். நிறுத்தினாலும் அந்த முடுக்கம் அடங்க இரண்டு வாரம்போல ஆகும். வலிப்பு மருந்து ஃபெனிட்டாயினும் காசநோய் மருந்து ரிஃபாம்பிசினும் இதே ரகம். எரிச்சலுக்குக் கபாபென்டின் தேவலை. ஈரலை நம்பாமல் சிறுநீரில் போய்விடும். இரவில் 300 மில்லிகிராமில் தொடங்குவது வழக்கம். சிரோசிஸ் (ஈரல் தழும்பேறிச் சுருங்குவது) உள்ளவர் அதைச் சாப்பிட்டுத் தூங்கி வழிந்தால் மட்டும் மாத்திரை மயக்கம் என்று விட்டுவிடாதே; ஈரல் செயலிழப்பதால் வரும் மயக்கமாகவும் இருக்கலாம்.

இன்னொன்று, அபூர்வம். கடும் காய்ச்சல், இரத்தத்தில் ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி அளவு ஆயிரக்கணக்கில், மஞ்சள் அவ்வளவாக இல்லை என்றால் ஹெர்பிஸ் ஈரலையே பிடித்திருக்கலாம். பழைய சி வழக்கமாக அத்தனை ஏற்றாது. தோலில் கொப்புளம் தேடிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. நரம்பு வழி அசைக்ளோவிர் அன்றே ஏற வேண்டும்.

அவருடைய மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பு. வேறு டாக்டர் எழுதியதையும் விடாதே.

அன்புடன்,
ராமு