பாட்டி வரும் காட்சிகளை வெட்டிவிடாதீர்கள்

ஓடன் ஃபொன் ஹோர்வாத்தின் 'போரிலிருந்து திரும்பும் டான் ஜுவான்' நாடகத்தை மேடையேற்றும் இயக்குநர்களுக்கும் குழுவினருக்கும்,

வணக்கம்.

ஓர் ஆண், 35 பெண்கள். இந்தக் கணக்கைப் பார்த்ததுமே அவனை நடுவில் நிறுத்தி, மற்றவர்களை அவனைச் சுற்றும் நிழல்களாக்கிவிடத் தோன்றும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

முதல் உலகப் போர் முடிந்து ஜெர்மனிக்குத் திரும்பும் பெண்பித்தன் டான் ஜுவான் மாறித்தான் வருகிறான். உடம்பில் நோய், நெஞ்சில் பலவீனம். முன்பு கைவிட்டுப் போன மணப்பெண்ணைத் தேடிக் கடிதம் எழுதுகிறான். அவளோ மனம் பேதலித்து எப்போதோ இறந்துவிட்டாள். கடிதம் போய்ச் சேர்வது அவளுடைய பாட்டியிடம். மாதவியை விட்டு வந்த கோவலனுக்காவது வீட்டில் கண்ணகி இருந்தாள். இவனுக்காக அங்கே காத்திருப்பது ஒரு கிழவியின் ஆறாத கோபம் மட்டுமே.

அந்த மணப்பெண் உயிரோடு இல்லை என்பது நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது, அவனுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவன் ஒவ்வொரு பெண்ணிடமும் இறந்தவளின் சாயலைத் தேடி அலைவதை, அந்த உண்மையைக் கையில் வைத்துக்கொண்டுதான் பார்க்கிறோம். நேரம் போதவில்லை என்று பாட்டியின் காட்சிகளைக் குறைத்தால், மிஞ்சுவது ஓர் ஆணின் அழகான சோகம். செத்தவள் வெறும் நினைவுப்பொருள் ஆகிவிடுவாள். பாட்டி மேடையில் இருக்கும்வரை அவள் ஒரு வீட்டுப் பெண், வளர்த்தவள் புதைத்த பேத்தி.

மற்ற பெண்களுக்கும் இதே நியாயம் வேண்டும். போரில் ஜெர்மானிய வீரர்கள் சுமார் 20 லட்சம் பேர் மாண்டார்கள். 1919 ஜனவரியில் அந்நாட்டுப் பெண்கள் முதன்முறையாகத் தேசியத் தேர்தலில் வாக்களித்தார்கள். 1923 நவம்பரிலோ ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க்! சிறுகச் சிறுகச் சேர்த்ததெல்லாம் காகிதமாய்ப் போன அந்தக் காலத்தில் இவன் கலைப்பொருள் வியாபாரத்தில் செழிக்கிறான். அவனைச் சந்திக்கும் பெண்களுக்குப் பசி, வாடகை, அரசியல், பிழைப்பு எல்லாம் இருக்கின்றன. அவை அவர்களுடைய பேச்சிலேயே இருக்கின்றன, காது கொடுத்தால் போதும்.

இத்தனை வேடங்களையும் மிகச் சில நடிகைகளே ஏற்க வேண்டும் என்று ஹோர்வாத் முன்னுரையில் சொல்கிறார். பெண்களில் அடிப்படை வகைகள் சிலவே என்பது அவர் காரணம். அந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் ஏற்பாடு அருமையானது: ஒரே முகம் திரும்பத் திரும்ப வரும்போது அவனுடைய தேடலின் நோய் நமக்கும் தொற்றுகிறது. முகம் ஒன்றானாலும் ஒவ்வொருத்தியின் நடையும் குரலும் களைப்பும் வேறாக இருக்கட்டும்.

எல்லாப் பெண்களும் அவனிடம் விழுகிறார்கள், ஆனால் ஒருத்தியும் அவனை உண்மையாக நேசிப்பதில்லை, அதனால்தான் நாடகத்தில் ஒரு காதல் காட்சிகூட இல்லை என்பதும் அதே முன்னுரையில் இருக்கிறது. கவர்ச்சிக்காக ஒன்றைச் சேர்த்தால் நாடகத்தின் முதுகெலும்பே முறிந்துவிடும்.

1936-இல் எழுதிய இந்த நாடகத்தை மேடையில் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. நாஜிகளின் ஆட்சியில் இடமிழந்து அலைந்தவர், 1938 ஜூன் 1 அன்று பாரிஸில் புயலில் முறிந்து விழுந்த மரக்கிளை தாக்கி, 36 வயதில் இறந்தார். வியன்னாவில் முதல் மேடையேற்றம் 1952-இல்தான். தன் பிரதிக்காகப் பேச அவரால் முடியாது என்பதாலும் இதை எழுதுகிறேன்.

கடைசியாக, அந்த மணப்பெண்ணின் கல்லறையில் பனி விழும் இடம். அவன் அவளருகே உட்கார்ந்து பனிமனிதனாக உறைந்துபோகிறான். அங்கே வயலின் வேண்டாம். அவன்மீது மட்டும் விளக்கைக் குவிக்கவும் வேண்டாம். அந்தக் கல்லறையும் தெரியட்டும்.

அன்புடன்,
ஒரு நாடக வாசகி