நகாலாவுக்குத் திரும்பும் முன்

ஜைக்கா எனப்படும் ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்னை மெட்ரோவில் போய்வரும் எங்களுக்கு உங்கள் பெயர் புதிதல்ல. முதல் கட்டப் பணிக்கான பணத்தில் பெரும்பகுதி நீங்கள் கொடுத்த கடன்தான். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் இந்த மடல் ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கைப் பற்றியது.

2025 ஆகஸ்டில் யோகோஹாமாவில் ஒன்பதாவது டிகாட், அதாவது ஆப்பிரிக்க வளர்ச்சி பற்றி ஜப்பான் கூட்டும் மாநாடு, நடந்தது. இந்தியப் பெருங்கடலையும் ஆப்பிரிக்காவையும் இணைக்கும் பொருளாதார வட்டாரம் பற்றிப் பேசியபோது, நகாலா வழித்தடத்தின் பெயரும் வந்தது. மொசாம்பிக்கின் வடகரையில் இருக்கும் நகாலா துறைமுகத்திலிருந்து மலாவி, சாம்பியா வரை நீளும் பாதை அது. அந்தப் பெயரைப் படித்ததும் மனசு திக்கென்றது. ஏனென்றால் அந்த மண்ணுக்கு நீங்கள் ஏற்கெனவே ஒரு முறை போயிருக்கிறீர்கள்.

2009-இல் ஜப்பான், பிரேசில், மொசாம்பிக் மூன்றும் சேர்ந்து கையெழுத்திட்ட புரோசவானா என்ற விவசாயத் திட்டத்தைத்தான் சொல்கிறேன். அதன் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. 1973-இல் அமெரிக்கா சோயா ஏற்றுமதியைத் திடீரென நிறுத்தியபோது சோயாவில் செய்யும் டோஃபுவுக்கும் மிசோவுக்கும் என்ன செய்வது என்று ஜப்பான் பதறியது. அந்தப் பயம் நியாயமானதுதான். அதற்கப்புறம் 1979 முதல் பிரேசிலின் செராடோ புல்வெளியைச் சோயா வயலாக மாற்ற நீங்கள் பணமும் அறிவும் கொடுத்தீர்கள். அதே அச்சை எடுத்துக்கொண்டு போய் நகாலாவில் வைத்துப் பார்த்ததுதான் பிழை. நம்புலா, நியாசா, சம்பேசியா மாகாணங்கள் வெற்றுப் புல்வெளி அல்ல. சோளம், மரவள்ளி, பயறு, முந்திரி என்று மஷாம்பா எனப்படும் தங்கள் சிறு வயல்களில் விளைத்துச் சாப்பிடும் லட்சக்கணக்கான குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. மொசாம்பிக்கில் நிலம் அரசுக்குச் சொந்தம். ஆனால் வழிவழியாக உழுது வருபவரின் பயன்பாட்டு உரிமையை 1997-ஆம் ஆண்டு நிலச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. கையில் காகிதம் இல்லாவிட்டாலும் உரிமை உரிமைதான்.

அவர்களிடம் யாரும் முதலில் கேட்கவில்லை. தேசிய உழவர் ஒன்றியமான உனாக் 2012-இலேயே எதிர்ப்பை எழுதிக் கொடுத்தது. 2013 மே மாதம் 23 அமைப்புகள் சேர்ந்து மூன்று நாட்டுத் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல் எழுதின: திட்டத்தை நிறுத்துங்கள், பேசுவோம் என்று. திட்டத்தின் வரைவு கசிந்த பிறகுதான் பல உழவர்களுக்குத் தங்கள் ஊருக்கு என்ன வரப்போகிறது என்றே தெரிந்தது. கடைசியில் 2020-இல் எல்லாம் முடிந்துபோனது. பத்தாண்டு உழைப்பு, பணம், உங்கள் மேல் இருந்த நம்பிக்கை, எல்லாம் போயிற்று.

இதை எழுதும்போது எனக்குக் கோபத்தைவிட ஆதங்கம்தான் அதிகம். கேட்டுச் செய்யத் தெரியாதவர்கள் இல்லையே நீங்கள்! புரோசவானாவுக்குக் கொஞ்சம் முன்னால், 2006-இல், கென்யாவில் ஷெப் என்ற திட்டத்தைத் தொடங்கியதும் நீங்கள்தானே? அதில் விதையையோ இயந்திரத்தையோ கொண்டுபோய் இறக்கவில்லை. சிறு காய்கறி விவசாயிகளைச் சந்தைக்குப் போகச் சொன்னீர்கள். எந்தக் காய்க்கு எந்த மாதம் என்ன விலை, வியாபாரி எந்த அளவில் கேட்கிறார், எப்படிக் கட்டிக் கொடுத்தால் வாங்குவார் என்று அவர்களே விசாரித்து, குறித்துக்கொண்டு வந்து, கூடிப் பேசி, என்ன பயிரிடுவது என்று முடிவெடுத்தார்கள். சாகுபடிப் பயிற்சி அதற்கப்புறம்தான். பயிற்சிக்கு ஆண்களை மட்டும் அழைக்காமல் பெண்களையும் சேர்த்து உட்காரவைத்தீர்கள். வயலில் வேலை செய்கிறவரே வரவுசெலவையும் பேசத் தொடங்கினார். விளைத்துவிட்டு விலை தேடுவது போய், விலை தெரிந்து விளைப்பது வந்தது. சேர்ந்தவர்களின் வருமானம் ஏறத்தாழ இரட்டித்தது என்று உங்கள் கணக்கே சொல்கிறது. இன்று அந்த முறை ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்குப் போயிருக்கிறது.

ஒரே முகமை, ஏறக்குறைய ஒரே காலம். கென்யாவில் உழவர் சந்தைக்குப் போய்க் கணக்கெடுத்தார். நகாலாவில் அவர் இல்லாமலே வரைபடம் வரையப்பட்டது.

துறைமுகமும் சாலையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல சாலை இருந்தால் முந்திரி விற்கிற குடும்பத்துக்கும் லாபம்தான். ஆனால் சாலை வந்தால் நிலத்தின் விலை ஏறும், வெளியிலிருந்து வாங்க ஆள் வரும். அதனால் பணி தொடங்கும் முன்பே வழித்தடத்து ஊர்களின் நில உரிமையைப் பதிவு செய்துகொடுக்க உதவுங்கள். திட்ட ஆவணங்களைப் போர்ச்சுகீசில் மட்டுமல்ல, அங்கே பேசும் மக்குவா மொழியிலும் கையெழுத்துக்கு முன்பே வெளியிடுங்கள். கூட்டம் போட்டால் அதிகாரிகளும் போலீசும் சூழ்ந்திராத இடத்தில் போடுங்கள். வேண்டாம் என்று ஓர் ஊர் சொன்னால் அதையும் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அந்த 2013 மடலுக்குக் கையெழுத்திட்டவர்களை நேரில் போய்ப் பாருங்கள். புதிய திட்டத்தின் முதல் கூட்டம் அவர்களோடு, நம்புலாவில் நடக்கட்டும்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு மெட்ரோ பயணி